கோணல் வராண்டா

…அந்த வராண்டாவே கோணல்ங்க! ஆறு நிமிஷம் நடக்க விட்டு எவ்ளோ தூரம் போறோம்னு அளக்குறாங்க, சரி. மொதல்ல தரையை ஒழுங்கா போட வேணாமா? நீங்களும் அதுக்குத்தானே உக்காந்திருக்கீங்க? அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எனக்குப் பிரஷருங்க. கையில பட்டை கட்டிப் பாப்பாங்களே, அது இல்ல. நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல பிரஷராம். வந்ததுதான் வந்துச்சு, நாலு பேருக்குப் புரியுற எடத்துல வரக் கூடாதா? சரி விடுங்க… போன தடவை வெறுங்காலோட ஒரு மிஷின்ல ஏத்தி நிறுத்துனாங்க. கொழுப்பு எவ்ளோ, தசை எவ்ளோன்னு பிரிச்சு மேயுது. பாக்கத்தான் ஆளு, காலுல தசையே இல்லையேன்னாரு டாக்டர். கார் ஓட்டக் கத்துக் குடுக்குறவன் நான்! காலம் பூரா சீட்டுல உக்காந்தா எங்கேருந்து வரும்?

அதுலேருந்து சொன்ன பயிற்சியெல்லாம் செஞ்சேன். நாற்காலியில உக்காந்து எந்திரி, உக்காந்து எந்திரி… வீட்டுக்காரி சிரிச்சா. சிரிக்கட்டுமே! இன்னிக்கு மிஷினே சொல்லுது, தசை ஏறியிருக்கு, கொழுப்பு எறங்கியிருக்குன்னு. அப்ப நடை கூடணுமா இல்லையா? போன தடவையை விடக் கம்மிங்குறான் அந்த டெக்னீசியன் தம்பி!

பொண்ணு வீடு மூணாவது மாடிங்க, லிஃப்ட் கெடையாது. பேத்தியை இன்னும் போன்லதான் பாக்குறேன். நடை நல்லா இருந்தாத்தான் படியேற விடுவேன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. வயிறு எரியுமா எரியாதா?

அந்தத் தம்பி ஒரு உம்மணாமூஞ்சி. நடந்துக்கிட்டே அவன்கிட்ட எவ்ளோ பேசுனேன்! ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டு வந்த அம்மாவுக்கு லெஃப்ட்ல ஒதுங்கு, திரும்புறப்ப பின்னால பாருன்னு வழி வேற சொன்னேன். இவன் உதட்டுல விரலை வச்சுக்கிட்டு நிக்கிறான். பல்வலி போலன்னு அதுக்கும் ஒரு வைத்தியம் சொன்னேன்.

கடைசியில சொல்றான்… "ஐயா, உங்க மூச்செல்லாம் பேச்சுக்கே போயிடுச்சு. அரை மணி வாயைத் தொறக்காம உக்காருங்க, மறுபடி நடக்கலாம்." நான் என்ன அப்பிடிப் பேசிட்டேன்? தொழில் பழக்கம், வாய் தானா ஓடும்…

ஆங்? என்னையா? அதுக்குள்ள அரை மணி ஆயிடுச்சா? இருப்பா, எந்திரிக்கிறேன்… யப்பா, உக்காந்த எடத்துலயே மூச்சு வாங்குதே! ஏங்க, பாக்க அமைதியான ஆளா இருக்கீங்கன்னுதானே பக்கத்துல வந்து உக்காந்தேன்… இப்பிடிப் பேச்சுக் குடுத்துட்டீங்களே!