மிதிக்காத பிரேக்

மாஸ்டர்: ...கடவுள் இருக்காரா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். எதிர்ல தண்ணி லாரி இருக்கு. அதுல ரெண்டு கருத்து கிடையாது.

டீச்சர்: பாத்துட்டேதான் பேசறேன் மாஸ்டர். திங்கட்கிழமை காலையில முதல் வகுப்பு. 'மத மெய்யியல், அடிப்படைச் சொற்கள்.' வாய்விட்டுச் சொல்லிப் பாத்தாத்தான் எனக்கு மனசுல தங்கும்.

மாஸ்டர்: வாயை விடுங்க, ஸ்டியரிங்கை விடாதீங்க.

டீச்சர்: இன்னிக்கு லைசென்ஸ் கிடைச்சாத்தான் அந்தக் காலேஜுக்கே போய்ச் சேர முடியும். பஸ் எட்டிப் பாக்காத இடத்துல கட்டி வச்சிருக்காங்க. டெஸ்டுல கோட்டை விட்டேன்னா வேலையும் போச்சு, மாஸ்டர்.

மாஸ்டர்: நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க. உங்கள மாதிரி பிரேக் போடற ஆளு என் கிட்ட இதுவரைக்கும் வந்ததே இல்ல.

டீச்சர்: ...ம்.

மாஸ்டர்: என்ன 'ம்'?

டீச்சர்: ஒண்ணுமில்ல. கியர் மாத்தினேன்.

மாஸ்டர்: கியர் மாத்தறதுக்கு வாயால 'ம்' சொல்ல வேண்டாம். கையால மாத்தணும். அதுவும் பின்சீட்டுல இருக்கற உங்க மாமனார் பேப்பரை விலக்கிட்டு மாத்துங்க. நடுவுல பந்தல் மாதிரி விரிச்சு வச்சிருக்காரு.

டீச்சர்: பாவம், தூங்கட்டும். வீட்டுல பேரப்பிள்ளைங்க சத்தம், கண்ணசர முடியலங்கறாரு. காருல ஏறினதும் முன்சீட்டுல நெத்தியைச் சாச்சு, கையை நடுவுல தொங்கப்போட்டாருன்னா குறட்டைதான்.

மாஸ்டர்: ரயில்ல கார்டா இருந்தவர்தானே? கடைசிப் பெட்டியில ஆடி ஆடித் தூங்கின பழக்கம்.

டீச்சர்: கேட்டுச்சுன்னா பச்சைக் கொடியால அடிப்பாரு.

மாஸ்டர்: கேக்காது. நாம கத்தற கத்துக்கே அசையாதவரு... சரி, சொல்லுங்க உங்க பாடத்தை. எதுல விட்டீங்க?

டீச்சர்: கடவுள் உண்டுன்னு சொல்றவர் ஆத்திகர். இல்லன்னு சொல்றவர் நாத்திகர். உண்டா இல்லையான்னு மனுஷனால அறியவே முடியாதுன்னு சொல்றவர் அறியொணாவாதி.

மாஸ்டர்: மூணாவது என் மச்சான். என்ன கேட்டாலும் தெரியாதும்பான். சம்பளம் வந்துச்சான்னு கேட்டாக்கூட.

டீச்சர்: அது வேற வாதம் மாஸ்டர்... அதுக்குப் பேரு மச்சான் வாதம்.

மாஸ்டர்: நீங்க இதுல எந்தக் கட்சி?

டீச்சர்: வகுப்புல எந்தக் கட்சியும் இல்ல. காருல மட்டும் நான் பக்கா ஆத்திகை. ஓட்டக் கத்துக்குடுக்கற வண்டின்னு உங்க காலடியிலயும் இன்னொரு பிரேக் இருக்குல்ல? கண்ணால பாக்கல, தொட்டதில்ல. ஆனா நம்பறேன்.

மாஸ்டர்: இருக்கு... இருக்கத்தான் இருக்கு.

டீச்சர்: ஏன் இழுக்கறீங்க?

மாஸ்டர்: நாய்! நாய் நாய் நாய்!

டீச்சர்: ஐயய்யோ!

மாஸ்டர்: நின்னுடுச்சு!

டீச்சர்: நாய் செத்துச்சா?

மாஸ்டர்: வாலை ஆட்டிட்டுப் போகுது. அடடா, அடடா! என்ன ஒரு பிரேக் டீச்சர்! கைதட்டணும் போல இருக்கு.

டீச்சர்: எனக்கும்தான் மாஸ்டர். உங்களுக்கு.

மாஸ்டர்: எனக்கு எதுக்கு?

டீச்சர்: சும்மா, ஒரு மரியாதைக்கு... வண்டி ஆஃப் ஆயிடுச்சு பாருங்க. நிக்கறப்பல்லாம் ஏன் இப்படிக் குலுங்கி ஆஃப் ஆகுது? கூடவே ஒரு கருகல் வாசனை?

மாஸ்டர்: பழைய வண்டி. வயசானா வாசனை வரத்தான் செய்யும். சாவியைத் திருப்புங்க.

டீச்சர்: இப்பப் பாருங்க, அருமையான உதாரணம். ஒரு கடிகாரம் கிடக்குது, பாகமெல்லாம் ஒழுங்காச் சேர்ந்திருக்கு, அப்ப செஞ்சவன் ஒருத்தன் இருக்கணும்னு சொல்றது வடிவமைப்பு வாதம். வண்டி அசைஞ்சா அசைச்சவன் யாரு, அவனை அசைச்சது யாருன்னு பின்னாலயே போய், அசையாத ஒண்ணுல முடிக்கறது முதற்காரண வாதம்.

மாஸ்டர்: அசையாத ஒண்ணு பின்சீட்டுல இருக்கு.

டீச்சர்: சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது... அடுத்தது தீமைச் சிக்கல். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிஞ்சவர், ரொம்ப நல்லவர். அப்புறம் ஏன் உலகத்துல இவ்வளவு கஷ்டம்? அதாவது, போன வாரம் தபால் பெட்டியில நான் போய் இடிச்சேனே, ஏன் விட்டீங்க?

மாஸ்டர்: அது... அதை ஏன் இப்பக் கிளறறீங்க?

டீச்சர்: உங்களுக்குப் பிரேக் இருக்கு, அதனால வல்லவர். தபால் பெட்டி செக்கச் செவேல்னு நின்னுச்சு, அதனால அறிஞ்சவர். நல்லவர்னு உங்க சம்சாரமே சொல்றாங்க. இருந்தும் டமார்!

மாஸ்டர்: நீங்களாப் பட்டுத் திருந்தணும்னு விட்டுட்டேன்.

டீச்சர்: ஆஹா! கஷ்டத்துலதான் ஆன்மா பக்குவப்படுதுன்னு ஒரு சமாதானம் உண்டு. அதை அப்படியே சொல்லிட்டீங்க! இன்னொரு சமாதானம், மனுஷனுக்குச் சுதந்திர விருப்பம் குடுத்திருக்காரு, அதனால தலையிட மாட்டாரு.

மாஸ்டர்: அதையும் சேர்த்து எழுதிக்குங்க. நான் தலையிடறதே இல்ல.

டீச்சர்: நல்லவேளை, அன்னிக்கு மாமா வரல. பல்வலின்னு படுத்துட்டாரு. வந்திருந்தா முன்சீட்டுல நெத்தி இடிச்சிருக்கும்.

மாஸ்டர்: இடதுபக்கம் திருப்புங்க. கேட்டுக்குள்ள போங்க. டெஸ்ட் மைதானம் வந்துடுச்சு.

டீச்சர்: அம்மாடி... இவ்வளவு வண்டியா?

மாஸ்டர்: நமக்கு முன்னால ஒரே ஒரு காருதான். இப்படியே ஓரமா உருட்டுங்க. தானா நிக்கும்... நின்னுடுச்சு. அதோ, தொப்பி போட்டுக்கிட்டு அட்டையில எழுதறாரே, அவர்தான் அதிகாரி. நம்ம முறை வந்ததும் நான் இறங்கிக்குவேன். அவரு இங்க உக்காருவாரு.

டீச்சர்: எங்க?

மாஸ்டர்: இதே சீட்டுல.

டீச்சர்: உங்க பிரேக் மேல காலை வச்சுக்கிட்டா?

மாஸ்டர்: அவரு தொடவே மாட்டாரு. நீங்களே நிறுத்தறீங்களான்னுதானே பாக்க வர்றாரு? பின்சீட்டுலயும் யாரும் இருக்கக் கூடாது. ஐயாவை எழுப்பணும்.

டீச்சர்: மாஸ்டர்... நான் ஒண்ணு சொல்லணும்.

மாஸ்டர்: பாடம்தானே? சொல்லுங்க.

டீச்சர்: பாடம் இல்ல. நான் பிரேக்கை மிதிச்சதே இல்ல.

மாஸ்டர்: எப்ப?

டீச்சர்: எப்பவுமே.

மாஸ்டர்: ...ஹா ஹா. பயத்துல உளர்றீங்க.

டீச்சர்: சத்தியமா! ஏதாவது குறுக்க வந்தா ரெண்டு காலையும் தூக்கிச் சீட்டுக்கடியில மடக்கிக்குவேன். கண்ணையும் மூடிக்குவேன். திறந்தா வண்டி நின்னிருக்கும். சரி, மாஸ்டர் மிதிச்சுட்டாரு, பெருந்தன்மையா என்னைப் பாராட்டறாருன்னு இருந்துட்டேன்.

மாஸ்டர்: டீச்சர்... விளையாடாதீங்க.

டீச்சர்: அதனால இன்னிக்கு நீங்களே அவரு கால்ல விழுந்தாவது அந்தப் பிரேக்கை...

மாஸ்டர்: அந்தப் பிரேக் வேலை செய்யாது.

டீச்சர்: என்னது?

மாஸ்டர்: நீங்க சேர்றதுக்கு முன்னாடியே கேபிள் அறுந்துபோச்சு. மாத்தறதுக்குச் சாமான் வரல. முதல் நாள் உயிரைக் கையில பிடிச்சுட்டுத்தான் உக்காந்தேன். நீங்க என்னடான்னா பசுமாட்டுக்கு முன்னால அப்படி நிறுத்தினீங்க! பிறவியிலேயே வந்த திறமை, இவங்களுக்கு நாம எதுக்குன்னு நிம்மதியாயிட்டேன்.

டீச்சர்: அடப்பாவி மாஸ்டர்! உயிரோட விளையாடியிருக்கீங்களே!

மாஸ்டர்: நீங்க கண்ணை மூடிட்டு ஓட்டினீங்க! நான் கண்ணைத் திறந்துட்டுத்தானே ஏமாத்தினேன்?

டீச்சர்: நான் மிதிக்கல.

மாஸ்டர்: நானும் மிதிக்கல.

டீச்சர்: பசுமாடு?

மாஸ்டர்: நான் இல்ல.

டீச்சர்: பள்ளிக்கூட வேன்?

மாஸ்டர்: ஐயோ, அதை ஞாபகப்படுத்தாதீங்க...

டீச்சர்: இப்ப அந்த நாய்?

மாஸ்டர்: ...டீச்சர், எனக்கு உடம்பெல்லாம் சில்லுங்குது. இதுக்கு உங்க பாடத்துல என்ன பேரு?

டீச்சர்: இயற்கை விதியை மீறி நடந்தா அற்புதம். ஆனா... இருங்க, அவசரப்படக் கூடாது. நமக்கு விளக்கம் தெரியாத இடத்துல எல்லாம் கடவுளைச் சொருகினா அதுக்குப் பேரு இடைவெளிக் கடவுள். அது தப்பு.

மாஸ்டர்: தப்போ சரியோ, நான் இறங்கினதும் இந்த வண்டிக்கு ஒரு கும்பிடு போடப்போறேன்.

டீச்சர்: நிரூபிக்கற பொறுப்பு சொல்றவங்களுக்குத்தான். சோதிச்சுப் பாத்துடலாம்.

மாஸ்டர்: எதை?

டீச்சர்: முன்னால காரு நகர்ந்துடுச்சு. நாமளும் நகரணும்ல? மெதுவா விடறேன். நீங்களும் மிதிக்காதீங்க, நானும் மிதிக்கல. நிக்குதான்னு பாப்போம்.

மாஸ்டர்: நேரா ஒரு ஸ்கூட்டர் நிக்குதே...

டீச்சர்: யாரோடது?

மாஸ்டர்: அதிகாரியோடது.

டீச்சர்: ...அப்பச் சோதனை ரொம்பச் சுத்தமானது.

மாஸ்டர்: சரி, ஒரே ஒரு நிபந்தனை. காலை மடக்கக் கூடாது, கீழயே இருக்கட்டும். கண்ணை மூடக் கூடாது. அற்புதம் நடந்தா ரெண்டு சாட்சி வேணும்.

டீச்சர்: கண்ணைத் திறந்துட்டா? ஐயோ... சரி. விடறேன்.

மாஸ்டர்: போகுது...

டீச்சர்: போகுது மாஸ்டர்.

மாஸ்டர்: டீச்சர், ஸ்கூட்டர்ல புதுப் பெயின்ட்டு...

டீச்சர்: தெரியுது! எல்லாம் தெரியுது! இவ்வளவு பக்கத்துல எதையும் நான் பாத்ததே இல்ல!

மாஸ்டர்: அதிகாரி வேற குறுக்க வர்றாரு! சார்! சார், தள்ளுங்க!

டீச்சர்: ஐயோ, ஐயோ, ஐயோ!

மாஸ்டர்: நின்னுடுச்சு.

டீச்சர்: நின்னுடுச்சு மாஸ்டர்! அவருக்கும் நமக்கும் ஒரு சாண்!

மாஸ்டர்: நான் மிதிக்கல. தாயாணை!

டீச்சர்: நானும்தான்! கண்ணை இமைக்கக்கூட இல்ல!

மாஸ்டர்: ஆனா டீச்சர்... கவனிச்சீங்களா? இன்ஜின் ஓடிட்டே இருக்கு. ஆஃப் ஆகல.

டீச்சர்: கருகல் வாசனையும் இல்ல! வெண்ணெய் மாதிரி நின்னுச்சு! மாஸ்டர், நான் திங்கட்கிழமை வகுப்பையே மாத்தி எடுக்கப்போறேன்...

மாமனார்: ஏம்மா, கொஞ்சம் சத்தம் போடாம அற்புதம் நடத்தக் கூடாதா?

டீச்சர்: மாமா! முழிச்சிட்டீங்களா? என்ன நடந்துச்சு தெரியுமா?

மாமனார்: தூங்கினாத்தானே முழிக்க? மொத நாள் அந்தப் பசுமாட்டைப் பாத்ததுலேர்ந்து இந்தக் காருல எனக்குத் தூக்கமே கிடையாது.

மாஸ்டர்: குறட்டை விட்டீங்களே ஐயா?

மாமனார்: அது மருமக பயப்படக் கூடாதுன்னு. ரயில்ல கடைசிப் பெட்டியில கார்டு கையிலயும் ஒரு பிரேக் உண்டு தம்பி. டிரைவருங்க அதை மறந்துடுவாங்க.

மாஸ்டர்: அப்ப அந்தப் பேப்பருக்கு அடியில...

மாமனார்: ஹேண்ட்பிரேக். அது தேஞ்சு கருகற வாசனைதான் உன் வண்டிக்கு வயசான வாசனை.

டீச்சர்: மாமா... தபால் பெட்டி அன்னிக்கு...

மாமனார்: அன்னிக்கு எனக்குப் பல்வலி.

மாஸ்டர்: தெய்வமே! நாய்க்கும் நீங்க, பசுமாட்டுக்கும் நீங்க, இந்த ஸ்கூட்டருக்கும் நீங்க!

மாமனார்: நாய்க்கு நான்தான். ஸ்கூட்டருக்கு நான் இல்ல. வாசல் கேட்டுக்குள்ள நுழையறப்பவே கை மரத்துப்போச்சுன்னு எடுத்துட்டேன், இதோ, ரெண்டு கையும் பேப்பர் மேலதான் இருக்கு... ஏம்மா, மேலயே பாத்துட்டு இருக்காம குனிஞ்சு உன் ரெண்டு காலும் எதை எதை மிதிச்சிருக்குன்னு பாரு. பாத்துட்டு, சந்தோஷத்துல எடுத்துடாத தாயே... அதிகாரி இன்னும் வண்டிக்கு முன்னாலதான் நிக்கிறாரு!