மூன்று சென்டிமீட்டர்

எனக்குப் பென்சில் சீவுவது பிடிக்கும், இராஜேஸ்வரி. மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏழு வருடமாக அதுதான் என் வேலை. உம்முடைய கணவர் வரதராஜா பிரித்தானியாவில், வேல்ஸ் எல்லையில் கிண்டிக் குறித்துவந்த அளவுகளை நான் படமாக்குவேன். இப்போது அந்தப் படங்களில் இரண்டைக் கொண்டுவந்து, ஏன் வித்தியாசம் என்று கேட்கிறீர். சொல்கிறேன்.

அவர் ஆராய்ந்தது, தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பழைய கோட்டை. மண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சியில் மரக்கோபுரம் நாட்டி, கீழே ஒரு முற்றத்தை வேலியடைத்துக் கட்டியிருந்தார்கள். மிஞ்சியது புல் மூடிய மேடு மட்டும். அதன் தென்பக்கம், அதைவிடப் பழைய அகழி ஒன்றைத் தூர்த்து எழுப்பப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது நான். அவருடைய அளவுகளில் மண்படைகள் அங்கே மட்டும் சரிந்து கிடந்தன. அவர் கவனிக்கவில்லை.

1975இல் அவருடைய கட்டுரை வந்தது. அகழி இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டேன்.

“யோகாக்கா, நீங்கள் கீறுறீங்கள், நான் கிண்டுறன். சப்பாத்தில சேறு படாத ஆளுக்கு என்னத்துக்குப் பேர்?”

“கண்டது நான்தானே, தம்பி?”

“ஓம், ஓம். அடுத்தமுறை கோட்டையையே உங்கட பேரில எழுதிவிடுறன்.”

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். கை நடுங்கினால் கோடு கெட்டுவிடும். ஆகவே நடுங்காமல் கோபப்படப் பழகினேன்.

மறுவருடம், மேட்டின் அடிவாரத்தில் ஆழமாக வெட்ட வேண்டும், கெட்டிக் களிமண் உள்ள இடமாகக் குறித்துத் தாருங்கள் என்றார். களிமண் என்றால் குழியின் பக்கங்களுக்குப் பலகை முட்டுக்கொடுக்கத் தேவையில்லை, இரண்டு நாள் மிச்சம் என்று அவர் கணக்கு. நான் அகழியின் கரையைப் படத்தில் மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போட்டேன். தரையில் அது மூன்று மீட்டர். குழி, அகழியைத் தூர்த்த இளகிய மண்ணுக்குள் விழுந்தது. மேற்படை எங்கும் ஒன்றுதான், வித்தியாசம் கீழே போனால்தான் தெரியும். என் படங்களை அவர் ஒருபோதும் சரிபார்ப்பதில்லை. அவர் எனக்குத் தந்த ஒரே மரியாதை அது.

மழை பெய்தது. சுவர் சரிந்தபோது அவர் அடியில் நின்றார். மூன்று மணித்தியாலம் தோண்டினார்களாம்.

அங்கே விபத்து என்று எழுதிவிட்டார்கள். இல்லை. தெரிந்துதான் செய்தேன். நீர் பொலிசுக்குச் சொல்லலாம்.

அதற்கு முதல் இதைப் பாரும், சென்ற மாதம் அச்சான முழு அறிக்கை. அகழி சரியான இடத்தில் இருக்கிறது, முகப்பில் என் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரதராஜாவுக்கு நன்றி என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். நான் அவரைப் போன்றவள் இல்லை.