அடுப்படிக் குழாயில் இணைத்த விருந்தாளிக் கழிப்பறை

மூன்றாம் மாடியின் கழிவு, முதல் மாடியில் இருக்கும் எங்கள் அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஏறி வந்தது. குற்றத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி வணக்கம் சொல்கிறேன்.

இந்த முற்றக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கட்டடத் தலைவி சயராகான் அவர்களே! பிஷ்கேக் நகரக் குளிரையும் பொருட்படுத்தாமல் பெஞ்சில் அமர்ந்திருக்கும் வெண்தாடிப் பெரியோர்களே! எங்களோடு சேர்ந்து வாளி வாளியாக அள்ளிக் கொட்டிய தாய்மார்களே! மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலைக் கடக்கும் அண்டை வீட்டாரே! அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் மாடி எசென்கூல், மகன் திருமணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கென்று தனிக் கழிப்பறை கட்டினான். கட்டட்டும். ஆனால் எதில் இணைத்தான்? மலம் போகவென்றே இறங்கும் அகலக் குழாயிலா? அது வீட்டின் மறுகோடியில் இருக்கிறது; தரையை உடைக்க வேண்டும். ஆகவே பக்கத்திலிருந்த அடுப்படிக் குழாயில் இணைத்தான். மணிக்கட்டு அகலக் குழாய்! நாம் எல்லோரும் ஆட்டு வால்கொழுப்பை ஊற்றி ஊற்றி, விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிப்போன குழாய்!

ஆட்டின் எந்த எலும்பு எந்த விருந்தாளிக்கு என்பதில் நாம் தவறியதுண்டா? மாமனாருக்குரிய எலும்பு மருமகன் தட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் பேச்சு நின்றுபோகும். எலும்புக்கு இத்தனை வரிசை அறிந்த நமக்குக் கழிவின் வரிசை மட்டும் தெரியாமல் போனது எப்படி?

அந்தத் திருமண விருந்தில் எனக்கு மரியாதைக்குரிய ஆட்டுத்தலை வைத்தார்கள். மூத்தவன் என்பதால் புதுக் கழிப்பறையையும் வாழ்த்தச் சொன்னார்கள். கைகளை விரித்து, "குறையாம ஓடட்டும், தம்பி" என்று வாழ்த்தினேன். ஓடியது, பெரியோர்களே. என் வீட்டுக்கு ஓடியது!

இறங்கி வந்தால் என் மனைவி புருல் துடைப்பத்தோடு நிற்கிறாள். "மேல நீங்க மரியாதையா தின்னதெல்லாம் கீழ நம்ம அடுப்படிக்கு வந்துருச்சு" என்றாள்.

மறுபடி மேலே போனேன். எசென்கூல் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டான்: "எல்லாம் ஒரே சாக்கடைக்குத்தானே அண்ணே போகுது?"

"போயிருந்தா நான் எதுக்குடா வந்திருக்கேன்?"

பின்பெஞ்சில் யாரோ சிரிக்கிறீர்கள். இரண்டாம் மாடிக்காரரா? சிரியுங்கள். இம்முறை கொழுப்பு என் தொட்டிக்குக் கீழே உறைந்து அடைத்தது; அடுத்த முறை உங்கள் தொட்டிக்குக் கீழே உறைந்தால் சிரிக்கும் முறை எனக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் நூர்ஜமாலைப் பெண் கேட்டு வருகிறார்கள். புருல் எங்கே மாவு பிசைவாள்? அந்த நாற்றத்தில் எந்தச் சம்பந்தி ரொட்டியைப் பிட்டு வாயில் வைப்பார்?

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றியும் வணக்கமும். ஆனால் யாரும் எழுந்துவிடாதீர்கள், வேலை இருக்கிறது. எசென்கூல் நாளைக் காலையே தரையை உடைத்து, சரிவாகப் போட்ட அகலக் குழாய் வழியே கழிப்பறையை மலக்குழாயில் சேர்க்க வேண்டும். அடுப்படிக் குழாயில் போட்ட ஓட்டையையும் அவனே அடைக்க வேண்டும். தலைவி அவர்கள் ஆள் வைத்துக் கொழுப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொழுப்பைத் தொட்டியில் ஊற்றுவதை எல்லா வீட்டாரும் நிறுத்த வேண்டும், என் வீட்டாரும்தான். வேலை முடியும்வரை அந்தப் புதுக் கழிப்பறையில் தண்ணீர் விடும் கைப்பிடியை ஒருவரும் இழுக்கக் கூடாது, சம்பந்தியே வந்து கேட்டாலும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று. அதை இப்போதே செய்கிறேன். அன்று கைகளை விரித்துக் கொடுத்த வாழ்த்தை, இதோ, இந்தச் சபை முன் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.