சனிக்கிழமைப் பழுது

நண்டுக் கறியை ஆறவிட்டால் அதன் குணம் போய்விடும். சந்திரவதனா அக்கா எப்போதும் அப்படித்தான் சொல்வார். அன்றைக்கும் சொன்னார், நானும் சூடாகவே சாப்பிட்டேன். அதை ஒரு குற்றம்போல நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இரண்டு மனிதர்கள் கடலில் நிற்கும்போது உனக்கு எப்படிச் சோறு இறங்கியது என்கிறீர்கள். அவர்கள் நிற்கவில்லை ஐயா, மிதந்துகொண்டிருந்தார்கள். வாக்குமூலம் என்றால் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் சிறிதரன். நார்த்மீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வாகனங்களுக்கு மின்வேலை செய்தவன். இங்கே வந்து பாட்டரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன், அதை மூடிவிட்டார்கள். மனைவி யோகராணி, மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலில் இருக்கும் தமக்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இரண்டு வருடமாகியும் இன்னும் பார்த்து முடியவில்லை.

சந்திரவதனா அக்காவின் புருஷன் மகேந்திரராஜா அண்ணை, அவர்கள் வீடு எனக்கு அடுத்த தெரு. கணக்காளர், கை தாராளம், தொட்டதற்கெல்லாம் சிரிப்பார். போன வருடம், அதாவது தொண்ணூற்றேழில், அவருக்குத் திடீரென்று ஜெட் ஸ்கீ ஆசை வந்தது. மொழிபெயர்க்கும் இந்தத் தங்கச்சிக்காகச் சொல்கிறேன்: தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கியது நல்ல பழசு. ஆனால் எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

எங்கள் ஆட்கள் எந்த வாகனம் வாங்கினாலும் முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்குவது வழக்கம். ஜெட் ஸ்கீக்குச் சக்கரம் இல்லை. குருக்கள் அதைச் சுற்றி வந்து யோசித்தார், பிறகு அதை ஏற்றிவந்த ட்ரெய்லரின் சக்கரங்களுக்குக் கீழே வைத்தார். அண்ணைக்கு மனம் ஆறவில்லை.

"ட்ரெய்லருக்கு என்னத்துக்கு ஐயா பூசை? எஞ்சினுக்குச் செய்யுங்கோ" என்று இருக்கையைக் கழற்றி உள்ளே திறந்து காட்டினார்.

குருக்கள் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு பிளக்குகளின் மூடிகளுக்கும் தாராளமாகச் சந்தனம் சாத்தி, குங்குமம் வைத்து, கும்பத் தண்ணீரையும் தெளித்தார். எல்லோரும் கைகூப்பினோம்.

அடுத்த சனிக்கிழமை ஆற்றோரம் இருக்கும் புரூக்லின் படகுத்துறையில் இறக்கினால் எஞ்சின் எடுக்கவில்லை. கூட வந்த அண்ணையின் நண்பர்களில் ஒரு டாக்டர் பாட்டரி என்றார். ஒரு பொறியியலாளர் பெட்ரோல் என்றார். இன்னொருவர் அண்ணைக்குச் சனி மாற்றம் என்றார். நான் பிளக்கைக் கழற்றி, மூடியோடு சேர்த்து எஞ்சின் இரும்பில் வைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்த்தேன். நுனியில் நீலப் பொறி பாய வேண்டும், பாயவில்லை. தண்ணீரில் கரைந்த சந்தனம் மூடிக்குள் இறங்கியிருந்தது. மின்சாரம் பொறியாகாமல் அந்த ஈரத்தின் வழியே ஓடிப் போய்க்கொண்டிருந்தது. என் கைக்குட்டையால் துடைத்து மாட்டினேன். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் எடுத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். வதனாக்கா தானே ஒரு கதிரையை விரித்துப் போட்டு, "சிறி, நீங்கள் முதல்ல இருங்கோ" என்று பெரிய நண்டுக் காலை என் தட்டில் வைத்தார். நான் பொறி பற்றி விளக்கினேன், டாக்டர் வாயைத் திறக்காமல் கேட்டார். இந்த நாட்டில் நான் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. கறி உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை எஞ்சின் தானாகவே எடுத்துவிட்டது. அவர்கள் மாறி மாறி ஓடினார்கள். நான் கரையில் துவாய்களுக்குக் காவல் இருந்தேன். சாப்பிடும்போது என்னைக் கூப்பிட மறந்துபோனார்கள். வேண்டுமென்று இல்லை, நல்ல மனிதர்கள், மறந்துபோனார்கள்.

ஆகவே அடுத்த முறை போகும்போது என் அறையிலிருக்கும் பிள்ளையாருக்குக் குழைத்த சந்தனத்தில் கொஞ்சம், பழைய பிலிம் டப்பாவில் எடுத்துப் போனேன். உங்கள் ஆய்வுகூடத்தில் 'இனந்தெரியாத மஞ்சள் பொருள்' என்று எழுதியிருக்கிறார்களாம். அது சந்தனம். சாமிக்கு வைத்ததை வாகனத்துக்கு வைப்பதில் என்ன தீங்கு இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வண்டிக்கு ஒரே வருத்தம், ஒரே நோய் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுவார்கள். அதனால் ஒரு வாரம் எர்த் கம்பியை இளக்கிவிட்டேன். இன்னொரு வாரம் செத்த பிளக்குகளை மாட்டினேன். யோகராணி விட்டுப்போன நிறமில்லாத நகப்பூச்சு ஒரு போத்தல் இருந்தது. அதை எர்த் கம்பியின் முனையில் பூசினால் வெளியே ஒன்றும் தெரியாது, மின்சாரமும் போகாது. அவள் விட்டுப்போனதில் உபயோகப்பட்ட பொருள் அது ஒன்றுதான். ஒருநாள் அவசரப்பட்டுச் சோறு வேகுவதற்கு முன்பே பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லோரும் உடனே தண்ணீருக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு நிதானமாக வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

பிறகு தண்ணீருக்கே போவதில்லை. சனிக்கிழமை என்றால் அண்ணையின் கராஜ்தான். வதனாக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இண்டைக்கு என்ன வருத்தமாம் அதுக்கு?" என்று கேட்பார். நான் சொல்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இந்தச் சித்திரை வருடப்பிறப்பு கழிந்ததும் அண்ணை என் தோளில் கைபோட்டார்.

"சிறி, இதை வித்துப்போடப் போறன். கெல்லிவில்லில இருந்து நரசிம்மன் எண்டு ஒருத்தர் பாக்க வாறார். நீரும் பாவம், எத்தினை சனிக்கிழமை உமக்கு வீணாப் போச்சுது."

வீண் என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

நரசிம்மன் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நிற்காமல் ஒரு நீண்ட ஓட்டம் ஓடிக் காட்டினால் வாங்குகிறேன் என்றார். என்னிடம் இதே ரக வண்டியின் பழைய இக்னிஷன் காயில், அதாவது மின்சுருள், ஒன்று இருந்தது. பிளக்குக்குப் பொறி அனுப்புவது அதுதான். குளிராக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். சூடேறினால் செத்துவிடும், ஆறினால் மறுபடியும் உயிர் வரும். ஓடிக் காட்டுவதற்கு முதல்நாள் அதை வண்டியில் பூட்டினேன். கரைக்குக் கிட்ட நின்றுபோகும், நரசிம்மன் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார் என்பது என் கணக்கு.

அண்ணையிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன்: "எஞ்சின் நிண்டால் பொறுக்காதேங்கோ, விடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கோ." கொஞ்சநேரம் பொறுத்திருந்தால் காயில் ஆறி எஞ்சின் எடுத்திருக்கும். விடாமல் ஸ்டார்ட் பண்ணினால் பாட்டரி இறங்கிவிடும். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். பாட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்தவனிடம் அப்படிக் கேட்பது கொஞ்சம் அவமதிப்பு.

நரசிம்மன் பின்னால் ஏறி உயிர்காப்பு அங்கியை இறுக்கிக்கொண்டு, "சார், எனக்கு நீச்சல் தெரியாது, கரையோரமாவே போலாமா?" என்றார்.

"பயப்படாதேங்கோ, இது சிறி பாத்த வண்டி" என்றார் அண்ணை.

அவர்கள் கரையோரமாகப் போகவில்லை. வண்டி அவ்வளவு நன்றாக ஓடியதைக் கண்டு அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கழிமுகம்வரை போய்விட்டார். மலைமுனைக்கு அப்பால் சத்தம் அறுந்ததை நான் கேட்டேன். வதனாக்காவும் கேட்டார்.

"சத்தம் நிண்டுட்டுது என்ன, சிறி?"

"காத்து மாறிட்டுது அக்கா."

அதன் பிறகுதான் சாப்பிட்டோம்.

பின்னேரம் தண்ணீர்ப் பொலிஸ் வந்து எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டபோது, ஆற்றின் மேல்பக்கத்தைக் காட்டினேன். அதுதான் உங்களைக் கோபப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். கடல் பக்கம் தேடி வண்டியையும் இழுத்துவந்திருந்தால் எனக்கு முன்னால் வேறு யாரோ ஒரு மெக்கானிக் அந்தக் காயில் இருக்கும் பெட்டியைத் திறந்திருப்பான். அண்ணையின் வண்டியில் இன்றுவரை எந்தப் பிழையையும் என்னைத் தவிர வேறொருவர் கண்டுபிடித்ததில்லை.

கடலின் வற்றுப்பெருக்கு அவர்களைக் கழிமுகத்தில் இருக்கும் லயன் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பென்குவின்களுக்காக ஒதுக்கிய இடம், மனிதர் கால் வைக்கத் தடை. விடியும்வரை இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்களாம். பென்குவின்கள் அண்ணையின் கால் விரல்களைக் கொத்தியிருக்கின்றன. தடைசெய்த தீவில் ஏறியதற்காக அவரையும் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். தீவில் ஏறியதற்கு அவர் பொறுப்பில்லை.

அவர்கள் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், ஒருபோதும் இல்லை. அண்ணை இல்லாவிட்டால் அந்த வீட்டில் சனிக்கிழமை வதனாக்கா யாருக்காகச் சமைப்பார்? நரசிம்மனைப் பற்றி, உண்மையைச் சொன்னால், நான் ஒருபக்கமும் நினைக்கவில்லை. காயிலைப் பூட்டியது நான். பாட்டரி இறங்கும்படி சொல்லிக் கொடுத்தது நான். எங்கே மிதக்கிறார்கள் என்று தெரிந்தும் எதிர்ப்பக்கம் கை காட்டியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

வதனாக்கா ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை, ஆறிவிடும். நான் இனி அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் பொலிஸ் முற்றத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் புதுக் காயிலும் பாட்டரியும் போட்டும் எஞ்சின் எடுக்கவில்லையாமே. உங்கள் மெக்கானிக் தலையைச் சொறிகிறாராம், இந்தத் தங்கச்சி சொன்னார். நேற்று வண்டியை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப்போனீர்கள் அல்லவா, எஞ்சின் திறந்து கிடந்தது. என் நெற்றிச் சந்தனம் அப்போது காய்ந்திருக்கவில்லை, அதைத் தொட்ட விரலால் பிளக் மூடியையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டேன், அவ்வளவுதான். அவரைச் சிரமப்படுத்த வேண்டாம். சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு நண்டுதான் வேண்டும் என்றில்லை, ஆறாமல் இருந்தால் போதும்.