கஞ்சி போட்ட சக்கரவர்த்தி

...ஆகவே, குரல் நன்றாக இருக்கிறதா என்ற கவலையை இன்றைக்கு ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். டப்பிங் பயிற்சி முடித்து இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் குரல் இருக்கிறது. முதல் வாய்ப்பும் எப்படியாவது வந்துவிடும். இரண்டாவது...? அதை யார் தருகிறார்? எதற்காகத் தருகிறார்? அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. சின்னதுதான்; செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

என்னை அறிமுகம் செய்தபோது அவர், "ஐயா தொண்ணூறுகளில் ஏதோ ஒரு சமயம் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதினார்" என்றார். ஏதோ ஒரு சமயம்... அப்படி ஒரு தாள் எந்த நாட்காட்டியிலும் கிடையாது. இந்தக் கதை நடந்தது 1994 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. ஆவணி பிறந்து முதல் வெள்ளி. ஐயமுள்ளவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கலாம்.

நாள் எதற்கு முக்கியம்? அது நல்ல நாள். வம்பு வந்ததே அதனால்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த சௌந்தரபாண்டியன் என்ற இளைஞருக்கு அன்று முதல் டப்பிங். இந்தியிலிருந்து தமிழுக்கு வரும் சரித்திரத் தொடர். சக்கரவர்த்திக்கு இவர் குரல். முதல் நாள், நல்ல நாள், பாத்திரமோ சக்கரவர்த்தி... மனிதர் எப்படி வருவார்? வெள்ளை வேட்டி. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி. அவிழ்த்து வைத்தால் அது தனியாக நிற்கும். அப்படி ஒரு கஞ்சி.

மைக் முன்னால் நின்றார். திரையில் சக்கரவர்த்தி கையை உயர்த்துகிறார், இவரும் உயர்த்துகிறார். அவர் காலை முன்வைக்கிறார், இவரும் வைக்கிறார். வசனம் நான் எழுதியது: "என் ஆடையின் நுனியைத் தொடும் துணிவு இந்த மண்ணில் எவனுக்கு உண்டு?"

பதிவில் என்ன கேட்டது தெரியுமா? "என் ஆடையின்... கரக்... நுனியைத் தொடும்... மொறுக்... துணிவு..."

சக்கரவர்த்தி முறுக்குத் தின்றுகொண்டே சவால் விடுகிறார்!

பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப்புறம் நாங்கள் மூவர். நான், டப்பிங் இயக்குநர் வரதகுட்டி, ஒலிப்பதிவாளர் ஜெரோம். வரதகுட்டி திரும்பினார். "என்னய்யா ஜெரோம், மைக்குக்குள்ள எலி வளர்க்கிறியா?"

ஜெரோம் உள்ளே ஓடினார். வயரை மாற்றினார், ஏசியை நிறுத்தினார், மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் சௌந்தரபாண்டியன் மரியாதையாகக் கைகட்டி அசையாமல் நிற்கிறார். அசையாத வேட்டி சத்தம் போடுமா? போடாது. ஜெரோம் வெளியே வருவார், பதிவு தொடங்கும், சக்கரவர்த்தி நடிப்பார்... கரக்.

"உன் மைக்கும் நீயும்! நாளையிலேர்ந்து வேற ஸ்டுடியோவுல வச்சுக்கறேன்" என்றார் வரதகுட்டி.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார்" என்றார் ஜெரோம். தலை நிமிரவில்லை.

இந்த நேரத்தில் உள்ளே சௌந்தரபாண்டியன் சற்றே கால் மாற்றி நின்றார். காதில் ஹெட்போன். கேட்டுவிட்டது. இன்னொரு தடவை மெதுவாகக் காலை நகர்த்தினார்... மொறுக். முகம் போன போக்கை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பழி மைக்கின் மேல். திட்டு ஜெரோமுக்கு. பேசாமல், அசையாமல் நின்று வசனத்தைச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால்...? வெளியே பெஞ்சில் இன்னொரு சக்கரவர்த்தி தொண்டையைச் செருமியபடி காத்திருக்கிறார். ஆளை மாற்றுவது வரதகுட்டிக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி.

சௌந்தரபாண்டியன் பள்ளிப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார்.

"சார்... மைக் மேல குத்தம் இல்லைங்க. அண்ணனைத் திட்டாதீங்க. சத்தம் என் வேட்டிங்க."

வரதகுட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வேட்டியா?"

"கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்க."

"யாருய்யா போட்டது?"

"நானேதாங்க. நல்ல நாளாச்சேன்னு..."

ஜெரோம்தான் முதலில் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்தவருடைய சிரிப்பு அது. இரவு வேலைக்கென்று பையில் வைத்திருந்த தம் லுங்கியை எடுத்து உள்ளே கொடுத்தார். பச்சைக் கட்டம், துவைத்துத் துவைத்து வெளுத்தது. அதைக் கட்டிக்கொண்டு சௌந்தரபாண்டியன் கையை உயர்த்தி, காலை முன்வைத்து, ஸ்டுடியோ அதிர முழங்கினார்: "என் ஆடையின் நுனியைத் தொடும் துணிவு இந்த மண்ணில் எவனுக்கு உண்டு?"

லுங்கி வாயே திறக்கவில்லை. ஒரே டேக்கில் ஓகே.

கதை முடிந்ததா? இல்லை. அந்தத் தொடர் முடிந்ததும் வரதகுட்டிக்கு இவர் பெயரே மறந்துவிட்டது. பிறகு இவரை அழைத்தது யார்? ஸ்டுடியோவுக்கு வருகிற ஒவ்வொரு கம்பெனியும் ஜெரோமிடம்தான் கேட்கும்: "புதுசா யாராவது நல்ல ஆள் இருக்காங்களா?" ஜெரோம் சொல்வார்: "லுங்கிக்காரர் ஒருத்தர் இருக்காரு. குரலும் நல்லா இருக்கும். அதைவிட, அவரை வச்சு வேலை செஞ்சா நம்ம வேலை கெடாது." மறு மாதமே அடுத்த அழைப்பு. அதற்கடுத்து இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பையில் ஒரு பழைய லுங்கியோடுதான் போனார்.

அன்பர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். முதல் முறை உங்களை அழைப்பது உங்கள் குரல். மறுமுறை அழைப்பது, கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருப்பவர். அவருடைய வேலையை நீங்கள் எளிதாக்கினீர்களா, பாழாக்கினீர்களா? பிழை உங்களுடையது என்றால் உடனே வாய் திறந்தீர்களா, அவர் தலையில் விழட்டும் என்று கைகட்டி நின்றீர்களா? ஒரு மனிதர் தொலைபேசியை எடுக்கும்போது, அவர் மனத்தில் முதலில் வருவது இதுதான். வளையலைக் கழற்றுங்கள். சாவிக்கொத்தை வெளியே வையுங்கள். பட்டையும் கஞ்சியையும் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்றும் நல்ல நாள் என்பது எனக்குத் தெரிகிறது. முன்வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் தம்பி... ஆமாம், நீங்கள்தான்... கதை தொடங்கியதிலிருந்து கால்மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மேடை வரைக்கும் கேட்கிறது.