மீன் தொட்டிக்கு ஒரு நோட்டீஸ்

— சத்தியமா சார், நேத்து நம்ம கேபிள் சேனல்ல மீன் தொட்டிய மட்டும்தான் காட்டினோம். பொழுதுக்கும் அஞ்சே அஞ்சு மீனு.

— வாயத் திறந்துச்சே, பார்த்தேன்.

— திறந்துச்சு சார். சவுண்ட கட் பண்ணிட்டோம்.

— விதிப்படி அது சரிதான். நான் அதுக்கு வரல முதலாளி.

— பின்ன? அந்தச் சிவப்பு மீன எடுத்துடட்டுமா? ஏதோ கட்சிக் கொடி மாதிரி இருக்கேன்னு எனக்கே உறுத்திட்டுதான் இருந்துச்சு.

— மீன விடுங்கய்யா! ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆபீஸுன்னு ஒண்ணு வெச்சிக்கிட்டு ஈ ஓட்டிட்டு இருக்கேன். மூணு வருஷமா உங்க மேல ஒரு புகார் உண்டா, ஒரு நோட்டீஸ் உண்டா? விதிப்படி, வேலை இல்லாத ஆபீச மூடிடுவாங்க.

— அடப் பாவமே!

— அதனால... நீங்க ஏதாவது தப்பாப் பேசணும்.

— யாரு, நானா? ஆழம் பார்க்கறீங்களா சார்?

— கதவச் சாத்திட்டுதானே கேக்கறேன். நாளைக்குச் செய்தியில காரமா ஏதாவது போடுங்க. நான் நோட்டீஸ் விடறேன், நீங்க பதில் எழுதுங்க. ஆபீசுக்கும் உயிர் வரும்.

— எந்தச் செய்தி சார்? செய்தி வாசிச்ச பொண்ணு இப்ப தொட்டி கழுவிட்டிருக்கு.

— நீங்களே பேசுங்க. ஒரு காலத்துல மைக்கப் பிடிச்சா விட மாட்டீங்களே.

— அந்த வாயெல்லாம் போச்சு சார். வீட்டுல சாப்பாட்டுல உப்பு இல்லைன்னா, "உப்பு குறித்து மாற்றுக் கருத்து நிலவுகிறது"ன்னு சொல்றேன். பொண்டாட்டி தலையில அடிச்சுக்கறா.

— சரி, பேனா குடுங்க. நானே எழுதித் தர்றேன்.

— உங்க பையிலயே இருக்குமே?

— இருக்கறது சிவப்பு. அதுல அடிக்கத்தான் வரும், எழுத வராது... ம், எழுதியாச்சு, இந்தாங்க. ஒரு எழுத்து மாறாம வாசிக்கணும்.

— "ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணில் விரிசல். எச்சரித்துப் பொறியாளர் எழுதிய கடிதம் கிடப்பில்..." சார்! இது நாங்க எழுதின செய்தியாச்சே!

— ம்.

— "மக்களைப் பீதியில் ஆழ்த்தும்"னு கோடு போட்டு, எங்கள ஒரு மாசம் இழுத்து மூடினது நீங்கதானே? அதுக்கப்புறம்தான் இந்த மீன் தொட்டியே வந்துச்சு. வரிக்கு வரி ஞாபகம் வெச்சிருக்கீங்க!

— மறக்க முடியல.

— ஆபீச மூடப் போறாங்கன்னு சொன்னதெல்லாம்?

— ஆபீஸ் கெடக்கட்டும், அதுக்கு எவன் அழுதான்! இத வாசிச்சுடுங்க முதலாளி. நாளைக்கே. காலைச் செய்தியிலயே.

— நோட்டீஸ் வருமே சார்?

— விதிப்படி வரும். நானே கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுவந்து தர்றேன். வாசிங்க.

— அன்னைக்கு உங்களுக்கு வராத பீதி, இன்னைக்கு என்ன சார் புதுசா?

— என் பொண்ண அக்கரை ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். திங்கக்கிழமையிலேருந்து அவ பஸ் அந்தப் பாலத்து மேலதான் போகுது.