வால் எண் மாறிய விமானமும் ஊருக்கு ஒரே சூளையும்

பொறுமையில் பூமியாகவும், பேச்சில் பூமாரியாகவும், சூளை முறை ஒதுக்குவதில் மட்டும் சூறாவளியாகவும் விளங்குகின்ற எங்கள் பீங்கான் பட்டறைச் சங்கத்தின் தலைவர் கோதண்டபாணி அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த மைக்கைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கும் தம்பி விருத்தகிரி அவர்களே! பழமலைநாதர் சன்னதியில் கும்பிட்டுவிட்டு, நெற்றித் திருநீறு கலையாமல் முன் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விரலில் சாயம் காயாமலே பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் முடிந்தால் டீயும் வடையும் உண்டு என்று கேள்விப்பட்டுப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் அச்சுக்காரன் தனக்கோடியின் வணக்கம்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன? 'நம் ஊர் விமானப் பொம்மையின் வகைகள் போதுமா, போதாதா?' தம்பி விருத்தகிரி போதாது என்று முழங்கிவிட்டார். நானும் அதையே முழங்க வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். முழங்கிவிட்டு, ஓர் அறிவிப்பும் செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. அது என்ன அறிவிப்பு?

சங்கத்தில் பதினோரு பட்டறை. சூளை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பட்டறைக்கும் முறை உண்டு. பதினோரு பேருக்கும் அச்சு செய்து கொடுக்கிற எனக்கும் ஒரு முறை உண்டு. மாசி மகத்துக்கு முன்னால் இன்னும் ஒரே ஓர் எரிப்புக்குத்தான் நாள் இருக்கிறது. அந்த எரிப்பு யாருடைய முறை? என்னுடைய முறை! அதை நான் மனமுவந்து தலைவரின் புதிய விமானத்துக்கு விட்டுக்கொடுப்பதாக இந்த மேடையில் சொல்ல வேண்டும். இதே முறையை இன்னொருவரும் கேட்டிருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில், தூணோரமாக உட்கார்ந்திருக்கும் கண்ணம்மாள். அவருடைய மூன்று முறைகள் ஏற்கெனவே விமானத்துக்காகத் தள்ளிப் போடப்பட்டவை. வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய சரக்கு வெந்து வெளியே வரவில்லையென்றால் அந்தப் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அறிவிப்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் தலைப்பு. வகைகள் அதிகமா? யார் சொன்னது அதிகம் என்று?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எதையும் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக மறக்கிற வசதியும் கிடையாது. அறுபத்தைந்தாம் வருஷம், புரட்டாசி மாதம், சண்டை ஓய்ந்த மறு வாரம் நம் தலைவர் ஒரு பத்திரிகையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார். உள்ளே ஒரு படம். சின்னஞ்சிறு சண்டை விமானம். இங்கிலீஷில் அதன் பேர் 'நாட்டு', கொசு என்று அர்த்தமாம். பெரிய பெரிய விமானங்களை விரட்டிய பொடி விமானம் என்று ஊரெல்லாம் பேச்சு. "தனக்கோடி, இத அப்பிடியே செஞ்சுடு. ஒரு நெளிவு சுளிவு மாறக் கூடாது" என்றார். மாறுமா? நான் படத்தில் உள்ளதை உள்ளபடி செதுக்கினேன். முதுகில் நெட்டாக ஒரு வரப்பு ஓடியது. அதையும் செதுக்கினேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது விமானத்தின் வரப்பு இல்லை. பத்திரிகை மடித்த மடிப்பு!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வரப்பு ஒன்பது வகையிலும் இன்றுவரை இருக்கிறதே, அதை யாராவது கண்டுபிடித்தீர்களா?

ஒருவர் கண்டுபிடித்தார். அறுபத்தாறு மாசி மகம். ஜங்ஷனில் இரண்டாம் பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். விமானப் படையில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளை லீவுக்கு வந்து இறங்கினார். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, இது எந்த பிளேனு?"

"நீங்க ஓட்டுறதுதாங்க தம்பி."

"நான் ஓட்டுறதில்லீங்க, பெட்ரோலு ஊத்துறேன். தெனம் கையால தொடச்சு வுடுறேன். முதுவுல இது என்னாங்க வரப்பு?"

விடுவேனா? "மழத்தண்ணி வழியுறதுக்குங்க" என்றேன். அவர் வரப்பை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு வாங்கிக்கொண்டு போனார். திருத்தம் சொல்ல வேண்டியவரே வாங்கிப் போன பிறகு, குறை ஏது, குற்றம் ஏது?

அது முதல் வகை. அடுத்த வருஷம் சக்கரம் வேண்டும் என்றார்கள். சக்கரம் வைத்தோம். மெல்லிய காலில் சக்கரம். மேலே கனத்த உடம்பு. சுற்றிலும் சூளை நெருப்பு. திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான விமானங்கள் கால் மடங்கி, மூக்கு தரையில் முட்டி, மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தன! நான் தலையில் கை வைத்தேன். தலைவர் வைத்தாரா? "தரையிறங்கும் விமானம்" என்று பெயர் வைத்தார்! அத்தனையும் விற்றது. இது இரண்டாம் வகை.

மூன்றாம் வகையின் தந்தை தம்பி விருத்தகிரி. இந்தத் தொழிலில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. நம் மண் வெந்தால் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். தம்பிக்கு அவசரம். தலைவரின் விமானம் ஒன்றைக் கடையில் வாங்கி, வெந்த விமானத்தின் மேலேயே அச்சு எடுக்கச் சொன்னார். "தம்பி, சிறுத்துடுமே" என்றேன். "சிறுக்கட்டும் அண்ணே, ஒசரத்துல போனா எல்லா பிளேனும் சின்னதாத்தான் தெரியும்" என்றார்! "உயரப் பறக்கும் விமானம்" பிறந்தது. அதை வாங்கி, அதன் மேலே அச்சு எடுத்தார் இன்னொரு பட்டறைக்காரர் கோவிந்தசாமி. அது இன்னும் சிறுத்தது, நாலாம் வகை ஆனது. அப்பனும் மகனும் பேரனும் போலக் கடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாய் வந்து, "ஏங்க, இது குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டார். கேட்டது தப்பா? மூன்று வருஷமாகப் பொரித்துக்கொண்டுதானே இருந்தது!

பிறகு வயிற்றில் ஓட்டை போட்டால் உண்டியல் விமானம். வாலில் ஓட்டை போட்டால் ஊதுவத்தி விமானம். வத்தியைக் கொளுத்தினால் பின்னால் புகை மட்டும் போகும், விமானம் போகாது. ஊறுகாய் ஜாடி மூடியில் ஒட்டினால் மூடி விமானம். ஒரு தடவை சூளைக்குள் புகை திரும்பிச் சரக்கெல்லாம் அட்டைக் கரியாகிவிட்டது. குப்பையில் கொட்ட வேண்டியதுதான் என்றேன். கொட்டினோமா? "இரவு விமானம்!" போன கார்த்திகையில் மூண்டு மார்கழி பிறந்த அன்று முடிந்த சண்டைக்குப் பிறகு, அதே அச்சு, அதே வரப்பு, அதே மூக்கு, மேலே மூவர்ணம் மட்டும் புதிது. "வெற்றி விமானம்!" ஒன்பதாயிற்று.

என்ன மாயவா, பின்னாலிருந்து முணுமுணுக்கிறாய்? சத்தமாகச் சொல். "வாங்குறவன் இருக்கறான், விக்கிறோம்" என்கிறாயா? சரியான பேச்சு! சபைக்கு ஏற்ற பேச்சு! வாங்குகிறவர் இருக்கிறார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா மாணிக்கவேல் இருக்கிறார். ஒன்பதும் வாங்கினார். அலமாரியில் அடுக்கினார். போன வாரம் அவர் வீட்டுக்கு ஒரு ஜாடி கொடுக்கப் போனேன். அவர் மனைவி திரௌபதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. வூட்டுல தட்டு வெக்க எடமில்ல. ஒம்போது பிளேனு நிக்குது. ஒண்ணுக்கொண்ணு என்னா வித்தியாசம்னு கேட்டா இந்த மனுசன் ஒரு மணி நேரம் சொல்றாரு. எங்க ரெண்டு புள்ளைங்களுக்கும் என்னா வித்தியாசம்னு கேளுங்க, முழிப்பாரு!"

மாணிக்கவேல் உள்ளேயிருந்து, "பத்தாவது எப்ப வருதுங்க?" என்று கேட்டார்.

அந்தப் பத்தாவதுதான் தோழர்களே, இன்றைய கூட்டத்தின் காரணம்! பத்தாவதில் புதிது என்ன? தலைவரிடமே கேட்டேன். "மூக்கு மாறுதுங்களா?" இல்லை. "றெக்க?" இல்லை. "வரப்பையாவது எடுத்துடலாமுங்களா?" "ஐயையோ, அதான் நம்ம அடையாளம்!" "அப்ப என்னதாங்க மாறுது?" தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியம் போலச் சொன்னார்: "வால்ல நம்பரு மாறுது, தனக்கோடி."

வாலில் எண்! ஆகா! இந்த எண்ணுக்காக அல்லவா இந்த ஊர் ஏங்கிக் கிடந்தது! எண் மாறாத விமானத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஏழு வருஷம் வாழ்ந்தோம்! அதிகமா இது? அதிகமே இல்லை! வாலில் எத்தனை எண் எழுதலாம்? எண்ணுக்கு முடிவு உண்டா? எண்ணுக்கு முடிவு இல்லையென்றால் விமானத்துக்கு முடிவு உண்டா? விமானத்துக்கு முடிவு இல்லையென்றால், இந்த ஒரே சூளையில் வேறு எதற்காவது இடம் உண்டா?

இடம் உண்டா என்று கேட்டதும் எனக்குக் கண்ணம்மாள் ஞாபகம் வருகிறது. தலைவர் மணியைத் தொடுகிறார். இரண்டு நிமிஷம் கொடுங்கள் தலைவரே, மணியும் நம் பீங்கான் மணிதான், ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

கண்ணம்மாள் பட்டறையில் செய்வது பாலாடை. விமானம் போல் அழகில்லை. வயிறு உண்டு, மூக்கு உண்டு, வால் இல்லை. ஆகவே எண் போட இடமில்லை. உறிஞ்சத் தெம்பில்லாமல் பிறக்கிற குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டுகிற கிண்ணம், அவ்வளவுதான். பித்தளைப் பாலாடையில் பச்சை பிடிக்கிறது, பீங்கான் என்றால் கொதிநீரில் போட்டு எடுக்கலாம் என்று பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் முந்நூறு கேட்டிருக்கிறார். கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நாலு பெண்கள் அதைச் செய்கிறார்கள். ஐப்பசியில் தயார். ஐப்பசியில் முறை தள்ளிப் போனது: இரவு விமானம். மார்கழியில் தள்ளிப் போனது: வெற்றி விமானம். தையில் தள்ளிப் போனது: வெற்றி விமானம் தீர்ந்துவிட்டதால் மறுபடியும் வெற்றி விமானம். முந்நூறு பாலாடையும் பச்சை மண்ணாகவே பலகையில் உட்கார்ந்திருக்கின்றன. தட்டினால் பொடி.

முந்தாநாள் அந்தப் பெண் என் கொட்டகைக்கு வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, ஒங்க முறைய தலைவருக்குக் குடுக்கப் போறீங்களாமே?"

"நாட்டுக்காகன்னு கேக்குறாரும்மா."

"எந்த நாட்டுக்கு மாமா? இந்த நாட்டுல புள்ள பொறக்கலியா?" என்றார். "வெள்ளிக்கிழம குடுக்கலன்னா வேற ஊருல வாங்கிக்குவேன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நாலு பேரையும் நாளையிலேருந்து வர வாணாம்னு சொல்லணும். அத யாரு சொல்றது? நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க."

போய்விட்டார். நான் என் கையைப் பார்த்தேன். ஒன்பது வகைக்கும் அச்சு செய்தது யார்? தலைவரா? விருத்தகிரியா? இந்தக் கை! மடிப்பை வரப்பாக்கியது இந்தக் கை. சுருங்கியதைச் சுருக்கியது இந்தக் கை. ஒரு தடவையாவது "இது புதுசு இல்லீங்க" என்று சொன்னதா இந்த வாய்? மழைத் தண்ணீர் வழிகிறதற்கு என்று சொன்ன வாய் அல்லவா இது!

ஆகவே, அவையோரே, அறிவிப்புக்கு வருகிறேன். தலைவர் அவர்களின் விருப்பப்படியே, என் சூளை முறையை நான் விட்டுக்கொடுக்கிறேன்!

கை தட்டுகிறீர்கள். தலைவரும் தட்டுகிறார். மகிழ்ச்சி. கொஞ்சம் நிறுத்துங்கள். யாருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நான் இன்னும் சொல்லவில்லையே!

எல்லோரும் இந்த மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு தடவை திரும்பிப் புகைபோக்கியைப் பாருங்கள். தெரிகிறதா? அது தலைவரின் ஊதுவத்தி விமானம் விடுகிற புகை இல்லை. மத்தியானம், நீங்கள் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தபோது, முந்நூறு பாலாடையையும் கண்ணம்மாள் பட்டறையிலிருந்து பலகையோடு சுமந்துவந்து நானே உள்ளே அடுக்கினேன். வாசலைச் செங்கல் வைத்து மூடினேன். மண் பூசினேன். மூன்று மணிக்குத் தீ வைத்தேன்.

உட்காருங்கள் விருத்தகிரி. தலைவரே, தாங்களும் உட்காருங்கள். அணைக்கச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பற்றிக்கொண்ட சூளையைப் பாதியில் அணைத்தால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டுமா போகும்? சுவரே வெடிக்கும். வைகாசி வரை ஒரு பட்டறையும் எதையும் சுட முடியாது. எரிகிற வரை எரியட்டும் என்று சபை சார்பில் தாங்களே பெருந்தன்மையோடு சொல்லிவிடுங்கள். கை தட்டல் தங்களுக்கே வரட்டும்.

வகைகள் போதுமா, போதாதா? எனக்குத் தெரியாது. மாணிக்கவேலைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விமானம் காத்திருக்கும். அதற்குப் பசிக்காது.

கண்ணம்மா, நீ எழுந்திருக்காதே, இன்னும் வேகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திரு, போதும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பாதியில் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், இனிமேல் என்னை மேடைக்கு அழைக்கப் போகாத தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. டீ வந்துவிட்டது, நீங்கள் குடியுங்கள். அடுப்பில் கரி தள்ள ஆளில்லை, நான் வருகிறேன். வணக்கம்.